உச்சி வரைக்கும் உப்பு

தவுசீப் பாய் ஷார்ஜாவில் என்ன வேலை பார்த்தார் என்று மரக்காணம் கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் பதில் கிடைக்கும். ஆனால் ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்ல மாட்டார். மரக்கடையில் கணக்கு எழுதினார் என்பார் ஒருவர். செடிக்குத் தண்ணீர் ஊற்றினார் என்பார் அடுத்தவர். பேரீச்சந்தோப்பு என்று அடித்துச் சொன்னவரும் உண்டு. அவரிடமே கேட்டால், "மரம் செஞ்சேன்" என்பார். கேட்டவர் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவார். மரத்தால் எதையாவது செய்வது ஆசாரி வேலை, சரி. மரத்தையே ஒரு மனுஷன் எப்படிச் செய்வான்? டீக்கடையில் இது கொஞ்ச நாள் ஓடியது, பிறகு வேறு பேச்சு வந்துவிட்டது.

அவர் சொன்னது கலப்படமில்லாத உண்மை. ஷார்ஜாவில் தொழிற்பேட்டை ஓரத்தில் ஒரு பட்டறை. அங்கே செயற்கை மரம் தயாராகும். பெரிய மால்களிலும் ஓட்டல்களிலும் நடுக்கூடத்தில் நிற்குமே, இலை உதிராமல், காய் பழுக்காமல், அந்த மரங்கள். இலை ஒட்டுவதற்குத் தனி ஆட்கள், கிளை வளைப்பதற்குத் தனி ஆட்கள். பட்டை தவுசீப்புடைய பொறுப்பு. கெட்டியாகிக்கொண்டிருக்கும் ஃபைபர் மேல் கரண்டிக் காம்பாலும் கட்டைவிரல் நகத்தாலும் அவர் இழுக்கிற இழுப்பில் வெறும் குழாய் ஆலிவ் மரமாக மாறும். ஆலிவ், மேப்பிள், வருஷம் முழுக்கப் பூத்தே நிற்கும் செர்ரி. இதில் ஒரு மரத்தையாவது அவர் கண்ணால் பார்த்ததில்லை. எல்லாம் கேட்லாக்கில் இருந்த படங்கள். முகம் பார்க்காமல் நிக்காஹ் முடிக்கிற மாதிரிதான்.

ஆனாலும் மனுஷருக்கு மரத்தின் மேல் உண்மையான ஆசை. வெள்ளிக்கிழமை லீவில் மற்றவர்கள் தூங்குவார்கள், இல்லை என்றால் ஊருக்குப் போன் பேசுவார்கள். தவுசீப் பூங்காவுக்குப் போய், யாரோ நட்டு வைத்திருந்த வேப்பமரத்தைத் தடவிக்கொண்டு நிற்பார். ஒரு தடவை காவலாளி வந்து, மரத்தில் என்ன ஒளித்து வைக்கிறாய் என்று விசாரித்தான். அவனுக்கு விளங்க வைக்க இவருக்கு அரபு போதவில்லை. தமிழில் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாரா என்பது சந்தேகம்.

பத்தொன்பது வருஷம் அப்படி ஓடியது. பட்டறையை மூடிவிட்டார்கள். தவுசீப் ஊர் வந்து சேர்ந்தார். கூட வந்த பெட்டி கட்டிலின் கால்மாட்டில் நின்றது, கைப்பிடியில் விமானக் கம்பெனிச் சீட்டு தொங்கியபடி.

அந்தப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வளைகுடாவுக்குப் போகிற வீடுகளில் பெட்டி பரண் ஏறினால்தான் ஆள் வந்துவிட்டதாக அர்த்தம். கால்மாட்டிலேயே நின்றால் வந்தவர் விருந்தாளி. மனைவி ஆரிஃபா வீட்டில் தையல் மிஷின் வைத்து ஜாக்கெட்டும் சுடிதாரும் தைக்கிறவள். வீட்டில் ஒரு ஊசி இடம் மாறியிருந்தாலும் அவளுக்குப் பொறுக்காது. ஆனால் அந்தப் பெட்டியைச் சுற்றிப் பெருக்கினாளே தவிர, பரணில் ஏற்றச் சொல்லவில்லை. "போகாதீங்க" என்று கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒரு தடவையும் சொன்னதில்லை. திண்டிவனத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் மகள் அர்ஷியாவோ, நேரில் வந்தால் அத்தாவிடம் என்ன பேசுவதென்று தெரியாமல் விழிப்பாள். ஹாஸ்டலுக்குத் திரும்பிப் போய் போன் போட்டால் வாய் ஓயாது. போன் வழியாகவே அப்பனும் மகளுமாக இருந்து பழகியவர்கள் வேறு என்ன செய்வார்கள்?

பழைய பட்டறைக் கூட்டாளி முஹ்சின் தோஹாவில் புதுப் பட்டறை ஒன்றில் இருந்தான். "ஒரு வார்த்தை சொல்லு மச்சான், விசா அனுப்பறேன்" என்று அவன் வாரத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டான். தவுசீப் இழுத்தடித்தார். காரணம், கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதிதாகத் திறக்க இருந்த ஒரு ரிசார்ட்டிலிருந்து வரவேற்புக் கூடத்துக்கு ஒரு மரம் கேட்டிருந்தார்கள். அது சரியாக அமைந்தால் சாலை நெடுகிலும் இருக்கும் மற்ற ஓட்டல்கள் கேட்கும். ஊரிலேயே பிழைக்கலாம். அமையாவிட்டால் தோஹா. இது தவுசீப்புக்கும் தெரியும், ஆரிஃபாவுக்கும் தெரியும். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

மாதிரி ஒன்று செய்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். ரிசார்ட் மேனேஜர் ஜெயப்ரியா பக்கத்து மீனவர் குப்பத்துப் பெண். கேட்டரிங் படித்துவிட்டு, குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வேலை பார்த்துவிட்டு வந்தவள். மரத்தைச் சுற்றி வந்தாள். பட்டையைத் தட்டிப் பார்த்தாள்.

"சூப்பரா இருக்குது சார். இது என்ன மரம்?"

தவுசீப்பும் மரத்தை ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்தார். தண்டு ஆலிவ். கிளை, கை வந்த வழக்கத்தில், மேப்பிள். இலையோ சென்னையில் கிடைத்த ஏதோ ஒன்று.

"மரம்தாம்மா."

"அது தெரியுது சார். என்ன மரம்? கெஸ்ட் கேட்டா நான் சொல்லணும்ல?"

அவர் இலை ஒன்றைத் திருப்பி நேராக்கினார்.

"கோச்சிக்காதீங்க சார். இந்த மாதிரி மரத்த சென்னையில மால்ல பார்த்துட்டுதான் அவங்க இங்க வர்றாங்க. இங்க வந்தும் அதையே பாக்கணுமா? நம்ம மரக்காணத்துல இருக்கற மாதிரி ஒண்ணு செஞ்சு குடுங்க. மே மாசம் ஓப்பனிங். முடியலைன்னா முன்னாடியே சொல்லிடுங்க, நான் வேற பாத்துக்கறேன்."

அந்தப் பெண் மரியாதையாகத்தான் சொன்னாள். ஆனாலும் தவுசீப்புக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஆயுசில் பாதியை மரத்தோடு கழித்தவரிடம் என்ன மரம் என்று கேட்டால் தெரியவில்லை. அவமானத்துக்கு அடியில் இன்னொன்றும் குறுகுறுத்தது. நம் ஊரில் என்னதான் மரம் இருக்கிறது?

மறுநாள் காலையிலிருந்து ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவார்கள் என்பார்களே, இவர் கடல் தாண்டிப் போய் அலைந்திருக்கிறார். பூவரசின் தண்டு இளசில் வழவழவென்று இருந்து, வயசாக ஆக வெடித்து முடிச்சு விழுவதை இப்போதுதான் பார்த்தார். பிரம்மதேசம் போகிற வழியில் ஒரு வேலியில் ஊன்றியிருந்த உதியன் கம்புகள் எல்லாம் தழைத்து நின்றன. வெட்டி நட்ட கம்பு எப்படித் தழைக்கிறது? புன்னை இலையின் நரம்புகளை யார் இவ்வளவு நெருக்கமாகச் சீவி விட்டது? கரையோரத்துப் பூவரசுகள் ஏன் எல்லாமே கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாய்ந்திருக்கின்றன? காற்று என்று பதில் தெரிந்த பிறகும் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஊர் சும்மா இருக்குமா? பாய் மரத்துக்கு வைத்தியம் பார்க்கிறார் என்று கிளம்பியது பேச்சு. மீனவர் குப்பத்தில் ஒரு முருங்கையைக் கட்டிப்பிடித்தபடி பட்டையை மோந்துகொண்டிருந்தபோது, மீன்கூடையோடு வந்த வசந்தா என்கிற அம்மாள் அரண்டு போனாள். "ஏம்பா, இன்னா பண்ற? அது முருங்க. பேய் ஏறினாலே ஒடிஞ்சிடும், நீ வேற ஏறாத!" தவுசீப் அசடு வழியச் சிரித்துக்கொண்டே ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

சிக்கல் எங்கே வந்தது என்றால், வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து செய்ய ஆரம்பித்தபோது வந்தது. பூவரசு செய்வார், முடிகிறபோது ஆலிவாக இருக்கும். புன்னை செய்வார், அதுவும் ஆலிவ். கண் ஊருக்கு வந்துவிட்டது, கை மட்டும் ஷார்ஜாவிலேயே தங்கிவிட்டது. செய்ததையெல்லாம் உடைத்துப் போட்டார். மிஷினில் உட்கார்ந்திருந்த ஆரிஃபா ஒவ்வொரு தடவை உடையும்போதும் மிதியை நிறுத்திவிட்டு, பிறகு மிதித்தாள்.

மரங்கள் மேலேயே வெறுப்பு வந்து ஒரு நாள் உப்பளத்துக்குப் போனார். அங்கே மரமே கிடையாது என்பதுதான் காரணம். கண்ணுக்கெட்டிய தூரம் பாத்திகள், வரப்புகள், வெள்ளைக் குவியல்கள். நாலு பாத்திகளை எடுத்து நடத்தும் நடராசன், தவுசீப்போடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர். தவுசீப்பின் அத்தா கமாலுதீன் அந்தக் காலத்தில் உப்பு மண்டி வைத்திருந்தார். அதனால் இரண்டு பேருக்கும் பள்ளிக்கூடம் விட்டால் உப்பளம்தான்.

வரப்பில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது தவுசீப் பாத்தியில் கிடந்த ஒரு குச்சியைப் பார்த்தார். வேலிக்காத்தான் முள்ளுக் குச்சி, காற்றில் வந்து விழுந்தது. தண்ணீருக்குள் இருந்த பாகம் முழுக்க உப்பு, கல் கல்லாக, பளபளவென்று. வெளியே இருந்த பாகம் வெறும் கட்டை. எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதப் போயி பாத்துனு இருக்கறியே. நீ செஞ்சது இன்னும் சூப்பரா இருக்கும்டா" என்றார் நடராசன்.

"நான் செஞ்சதா?"

"இன்னாடா, மறந்துட்டியா? நாம எல்லாம் பாத்தி ஓரத்துல குச்சி நட்டு உப்பு மரம் வளப்போமே. எங்களுது தண்ணி இருக்கற வரைக்கும்தான் உப்பு புடிக்கும். ஒன்னுது மட்டும் உச்சி வரைக்கும் பூத்து நின்னுது. உங்க அத்தா கூட அத தூக்கினு போயி மண்டி மேசை மேல வெச்சாரே."

மேசை ஞாபகம் வந்தது. மழைக்காலத்தில் அந்த மேசை ஈரமாகி, பில் புத்தகமெல்லாம் ஊறிப்போய், அத்தா திட்டியதும் ஞாபகம் வந்தது. மரம்?

"எப்படிச் செஞ்சேன் நடராசா?"

"என்ன கேட்டா? நீதான் அன்னிக்கே சொல்லலையே. கேட்டதுக்கு, அல்லா குடுத்தான்னு சொல்லிட்டு ஓடிட்ட."

தவுசீப்புக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. ஆலிவும் இல்லை, மேப்பிளும் இல்லை. கேட்லாக்கில் இல்லாத மரம். இந்த ஊரைத் தவிர வேறெங்கும் நிற்க முடியாத மரம். அதை இவரே செய்திருக்கிறார். எப்படி என்று தெரிந்த ஒரே ஆள், அரை டிராயர் போட்ட ஒரு பயல். அவனை எங்கே போய்ப் பிடிப்பது?

நடராசன் ஓரத்துப் பாத்தி ஒன்றைக் கொடுத்தார். தவுசீப் ஆளுயரக் கிளை ஒன்றை நட்டு, முற்றிய உப்புத் தண்ணீரைக் கொட்டாங்குச்சியால் மொண்டு மேலே ஊற்றிப் பார்த்தார். முன்னால் பிடித்த உப்பையும் அடுத்த ஊற்று அடித்துக்கொண்டு போனது. ஆரிஃபாவின் இஸ்திரித் தெளிப்பானை எடுத்து வந்து தெளித்தார். பொடுகு மாதிரி வெள்ளையாக ஒட்டியது, அவ்வளவுதான். கடைசியில் இன்னொரு சின்னக் கிளையைப் பக்கத்துப் பாத்தியில் படுக்கப் போட்டு, புரட்டிப் புரட்டி ஊற வைத்தார். புரட்டியதில் பாதி உடைந்தாலும் மீதி பிடித்தது. அழகாகவே இருந்தது.

இங்கேதான் அந்தப் பாழாய்ப்போன பட்டறைப் புத்தி வேலை செய்தது. பட்டறையில் எந்த மரமும் லாக்கர் என்கிற வார்னிஷ் அடிக்காமல் வாசல் தாண்டாது. பளபளப்பு போகாமல் இருக்க, ஈரம் ஏறாமல் இருக்க, பத்து வருஷம் கேரண்டி கொடுக்க. உப்பு கசியுமே என்ற பயத்தில் தவுசீப் ஒரு டப்பா லாக்கரை வாங்கி வந்து, கிளையைப் பாத்திக்குள்ளேயே நிறுத்தி வைத்துக்கொண்டு, சுற்றிச் சுற்றி அடித்தார். உப்புப் பாத்தியில் நின்றுகொண்டு உப்புக்கு லாக்கர் அடித்த மனுஷன் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

கண்ணெதிரே உப்பு செத்தது. வெளிச்சத்தை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்த கற்கள் பல் விளக்காதவன் பல் மாதிரி மஞ்சளித்தன. அதோடு போகவில்லை. காற்றில் பறந்த லாக்கர் பாத்தித் தண்ணீர் மேல் படலமாகப் பரவியிருந்தது. மேலே படலம் கட்டினால் தண்ணீர் காயாது, உப்பும் விளையாது, விளைந்தாலும் வாயில் வைக்க முடியாது.

உப்பு வாரும் பலகையோடு வந்த நடராசன் அதைப் பார்த்தார். மோந்தார். பலகையை வீசி எறிந்தார்.

"டேய், இது ஜனங்க சோத்துல போடற உப்புடா! பெயின்ட் கடைன்னு நெனச்சிட்டியா? மிதிச்சு மிதிச்சு தரை கட்டின பாத்தி. மொத்தத்தையும் தொறந்து வுட்டுட்டு மறுபடி மொதல்லேருந்து மிதிக்கணும். எழுந்து போடா இங்கேருந்து!"

நடராசன் அவரிடம் இப்படிப் பேசியதே இல்லை. தவுசீப் வீட்டுக்கு வந்து, கையைக் கூடக் கழுவாமல் முஹ்சினுக்குப் போன் போட்டார். "விசா அனுப்பு." ஆரிஃபாவிடம் சொன்னபோது அவள், "சரிங்க" என்றாள். அந்தச் சரிங்கவைக் கேட்டதற்கு அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலையாக இருந்தது. அன்றே ஊறுகாய் போட மாங்காய் வாங்கினாள். புதுக் கைலிகள் வாங்கி வந்து மடித்துப் பெட்டியில் அடுக்கினாள். மிஷின் வழக்கத்தை விட வேகமாக ஓடியது.

ஒரு சாயங்காலம் அவளாகவே கேட்டாள். "போறதுக்கு முன்னாடி அந்த உப்பளத்த ஒருவாட்டி காட்டுங்களேன்."

அப்போதுதான் தவுசீப்புக்கு உறைத்தது. கடைக்கார வீட்டுப் பெண்கள் உப்பளத்துக்குப் போகிற வழக்கமில்லை. இத்தனை வருஷம் இந்த ஊரில் வாழ்ந்தும் அவள் அதைப் பஸ் ஜன்னலில் பார்த்ததோடு சரி. ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு போனார். நடராசன் இவரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆரிஃபாவைப் பார்த்து மட்டும், "வாங்கம்மா, வரப்பு வழுக்கும், பாத்து" என்றார்.

ஆரிஃபா ஒரு உப்புக் கல்லை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். பாத்தி ஓரத்தில் குந்தினாள். "தண்ணி எப்ப உப்பாவுதுங்க? அந்த நிமிஷத்த யாராச்சும் பாத்திருக்காங்களா?"

தவுசீப் திகைத்துப் போனார். இவளுக்குள் இப்படியொரு கேள்வி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. போனில் வீட்டுச் செலவும் மகள் காய்ச்சலும் பேசியே காலம் போயிருக்கிறது. இன்னும் என்னென்ன கேள்விகள் இவளிடம் இருந்தன? கேட்க ஆளில்லாமல் எத்தனையை மறந்திருப்பாள்? "தெரியலையே" என்று மட்டும் சொன்னார்.

முதலில் நட்டு, கொட்டாங்குச்சியால் ஊற்றித் தோற்ற கிளை ஓரத்துப் பாத்தியில் அப்படியே நின்றது. லாக்கர் அங்கே எட்டவில்லை. ஆரிஃபா கிட்டப் போய்ப் பார்க்கையில் காற்று அவள் துப்பட்டாவைத் தூக்கி உச்சி முள்ளில் மாட்டியது. இழுத்தாள். சர்ரென்று நீளமாக ஒரு கிழிசல். கிழிந்த நாடா உச்சி முள்ளிலிருந்து கிளை வழியாகத் தண்ணீர் வரைக்கும் தொங்கியது.

"ஐயோ, புதுசுங்க இது, ஒரு வாட்டிதான் அலசினேன்!"

"விடு, முள்ளு குத்திக்கப் போறே."

அவள் கிழிசலைப் பார்த்துச் சிரித்தாள். தவுசீப்பும் சிரித்தார். நாடாவை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள்.

சில நாள் கழித்து நடராசனிடமிருந்து போன். "டேய், இங்க வா. ஒண்ணும் கேக்காத, வா."

போனார். நடராசன் அந்தக் கிளையின் பக்கம் கையைக் காட்டினார். துணி நாடாவைப் பிடித்துக்கொண்டு உப்பு ஏறியிருந்தது. தண்ணீரிலிருந்து கிளம்பி, ஒவ்வொரு முள்ளாகத் தாண்டி, உச்சி முள் வரைக்கும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போலத் துணியில் தண்ணீர் ஏறி, வெயிலில் காய்ந்து, இருந்த இடத்திலேயே கல்லாகப் பூத்திருந்தது. கிளையின் மற்ற பக்கமெல்லாம் மொட்டை.

தவுசீப் வரப்பில் உட்கார்ந்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது.

"இன்னாடா ஆச்சு?"

"பட்டம் நடராசா! பட்டம் விடக் கூடாதுன்னு அத்தா சொல்லியிருந்தாரு. பட்டம் எடுக்க ஏறி ஏறி மண்டிக் கூரையெல்லாம் ஓடு ஒடஞ்சிதுல்ல. அன்னிக்கு நூலோட நிக்கறேன், அத்தா வரப்பு மேல வர்றாரு. கையில நூல் கண்டு. எங்க ஒளிக்கிறது? பக்கத்துல நட்டிருந்த குச்சில கீழேருந்து மேல வரைக்கும் கரகரன்னு சுத்திட்டு, கையக் கட்டினு நின்னேன். அப்புறம் அதத் தொடவே பயம். நூலு போன வழியில உப்பு ஏறியிருக்குது, நான்தான் ஏதோ செஞ்சேன்னு எல்லாரும் கொண்டாடினீங்க."

"அப்ப அல்லா குடுத்தான்னு சொன்னது?"

"அதுல இன்னா தப்பு? என் நூலக் காப்பாத்தினது வேற யாரு?"

நடராசனும் சிரித்துவிட்டார். கோபம் அதோடு கரைந்தது. "சரி, இந்தப் பாத்தியவே எடுத்துக்க. ஆனா ஒண்ணு. எந்த டப்பாவும் இங்க கொண்டாரக் கூடாது. சத்தியம் பண்ணு." தவுசீப் பண்ணினார்.

அங்கிருந்தே ஆரிஃபாவுக்குப் போன் போட்டுக் கத்தினார். "ஆரிஃபா, உன் துப்பட்டா வழியா உப்பு ஏறிடுச்சு! உச்சி வரைக்கும்! பருத்தித் துணி வேணும், நாடா நாடாவா, நெறைய!" அவள் என்ன சொன்னாள் என்று காற்றில் கேட்கவில்லை. நடராசனோடு சேர்ந்து, சாய்ந்து பட்டுப்போயிருந்த ஒரு முழு வேலிக்காத்தானை வேரோடு இழுத்து வந்து பாத்தியில் நட்டுவிட்டு, மத்தியானத்துக்கு மேல் வீட்டுக்குப் போனார்.

பெட்டி திறந்து கிடந்தது. கொடியில் கைலிகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. ஆரிஃபா தரையில் உட்கார்ந்து, காய்ந்த ஒரு கைலியைக் கிழித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நாடாக்கள் குவிந்திருந்தன.

"அது தோஹா சஃபருக்கு எடுத்து வெச்சதாச்சே" என்றார் தவுசீப்.

"தெரியும்." அடுத்த கைலியை எடுத்தாள். பல்லால் ஓரத்தைக் கடித்து, இழுத்தாள். "புதுத் துணில கஞ்சி இருக்கும். தண்ணி இழுக்காது. அதான் நல்லா அலசிப் போட்டேன்."

அவள் தலை நிமிரவில்லை. பத்தொன்பது வருஷமாகச் சொல்லாததை அவள் இப்போதும் சொல்லவில்லை. கிழித்தாள். தவுசீப் எதிரே உட்கார்ந்து கைலியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். தோஹாவுக்குப் போக வேண்டிய துணி மொத்தமும் அன்று நாடாவானது.

நாடா சுற்றுகிற வேலையில்தான் தவுசீப்புக்கு அது நடந்தது. எந்தக் கிளை எங்கே வளைகிறதோ அங்கே கை தானாக வளைந்தது. எந்தப் படமும் மனசில் இல்லை. அடுத்த முடிச்சு எப்படி வரும், இந்த முள்ளில் உப்பு பிடிக்குமா, பிடித்தால் எப்படிப் பிடிக்கும் என்று பார்க்கிற ஆசை மட்டும் இருந்தது. அத்தா வருகிறாரா என்று ஒரு தடவை திரும்பிக்கூடப் பார்த்தார். ஷார்ஜாவில் தங்கிவிட்ட கை ஒரு வழியாக ஊர் வந்து சேர்ந்தது.

பங்குனி வெயில் பாத்தியைக் காய்ச்சியது. உப்பு ஏறியது. தினமும் காலையில் போய், எந்தக் கிளைக்கு எட்டியிருக்கிறது என்று பார்ப்பதே வேலை. கடைத்தெருவில் வைத்தியர் என்று கேலி பேசியவர்களும் வந்தார்கள். வசந்தா அம்மாள் மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு, "இத்தயா முருங்கையில தேடின?" என்று கேட்டாள். விசா வந்துவிட்டது, டிக்கெட் எப்போது போடட்டும் என்று முஹ்சின் செய்தி அனுப்பினான். தவுசீப் படித்தார், பதில் போடவில்லை.

ரிசார்ட் திறப்புக்கு முன் மரத்தை வேரோடு எடுத்து, வீட்டிலிருந்த போர்வைகளையெல்லாம் சுற்றி, டாடா ஏஸில் ஏற்றினார்கள். பின்னால் நடராசனும் தவுசீப்பும் மரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஆரிஃபா முன் சீட்டில். டிரைவர் கியர் மாற்றும்போதெல்லாம் தவுசீப் மெதுவாகப் போகச் சொல்லி ஜன்னலில் தட்டினார்.

கூடத்தில் நிறுத்திப் போர்வையை எடுத்தபோது கண்ணாடிச் சுவர் வழியாக வந்த வெயில் மரத்தில் விழுந்தது. ஜெயப்ரியா மரத்தைச் சுற்றி வந்தாள். பிறகு அன்று கேட்டதையே கேட்டாள்.

"என்ன மரம் சார்?"

"வேலிக்காத்தான்மா" என்றார் தவுசீப், பட்டென்று.

"அதுவா! அத வெட்றதுக்கு எங்கப்பா ஆள் தேடினு இருக்கார்." ஒரு முள்ளைத் தொட்டு விரலை நாக்கில் வைத்தாள். முகம் சின்னப் பிள்ளை மாதிரி ஆனது. உடனே மேனேஜர் ஞாபகம் வந்துவிட்டது. "சார், இது உப்பாச்சே. மேல ஏதாச்சும் அடிச்சிருக்கீங்களா?"

நடராசன் இருமினார்.

"இல்லம்மா. அடிச்சா செத்துடும்."

"அப்ப கேரண்டி?"

"மழை வரைக்கும். ஐப்பசில காத்து ஈரமாச்சுன்னா கசிய ஆரம்பிச்சிடும். கீழ ஒரு தட்டு வெச்சுக்கணும். கார்த்திகைக்குள்ள மொத்தமும் கரைஞ்சிடும். தை முடிஞ்சு வெயில் வந்ததும் மறுபடி வளர்க்கணும். ஒரு வாட்டி வந்த மாதிரி இன்னொரு வாட்டி வராது."

சொல்லி முடித்ததும் அவருக்கே தோன்றியது: எந்த ஓட்டல்காரர் இப்படிப்பட்ட சாமானை வாங்குவார்?

ஜெயப்ரியா மரத்தை அண்ணாந்து பார்த்தாள். "வருஷா வருஷம் வேற மரமா? கெஸ்ட் அதப் பாக்கறதுக்கே திரும்ப வருவாங்களே!" சட்டென்று புருவத்தைச் சுருக்கினாள். "ஆனா யார் சார் வளர்ப்பாங்க? நீங்க தோஹா போறீங்கன்னு குப்பத்துல பேசிக்கறாங்களே."

வாசலில் ஆரிஃபா போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பு பாதியில் நின்றது. அவள் திரும்பவில்லை.

"போகலம்மா" என்றார் தவுசீப். "நான் இங்கதான் இருப்பேன்."

"அப்ப சரி சார்" என்றாள் ஜெயப்ரியா. ஆரிஃபா போர்வையை மடித்து முடித்து, அடுத்ததை எடுத்தாள்.

வீட்டுக்கு வந்து, முஹ்சினிடம் மன்னிப்புக் கேட்டுப் பேசி முடித்து, சாப்பிட்டுக் கை கழுவும்போது ஆரிஃபா சொன்னாள்: "அந்தப் பெட்டிய பரண்ல ஏத்துங்க. போகும்போதும் வரும்போதும் கால்ல இடிக்குது."

ஸ்டூலைக் கொண்டு வந்து போட்டாள். தவுசீப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினார்.

"இருங்க. அந்தச் சீட்டப் பிச்சுப் போட்டுட்டு ஏத்துங்க."

பிய்த்துப் போட்டார். கைலி இல்லை, ஊறுகாய் இல்லை, வெறும் பெட்டி. ஒரு கையாலேயே ஏற்றிவிடலாம். ஆனாலும் அது பரணுக்குள் முழுக்கப் போய்ச் சேரும் வரைக்கும் ஆரிஃபா கீழேயிருந்து இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.